நடக்கும் கோடு

எங்கள் ஆய்வகத்து ஜன்னல் விளிம்புக்கு 'அவமானப் பலகை' என்று பெயர். கிருமி வளர்க்கிற வட்டத் தட்டை நாங்கள் பிளேட் என்போம். யாராவது ஒரு பிளேட்டைக் கைபட்டோ கவனக்குறைவாலோ கெடுத்துவிட்டால், மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, கெடுத்த ஆளின் பெயரை மேலே எழுதி, அந்த விளிம்பில் வைத்துவிடுவோம். வெள்ளிக்கிழமை வரை அது அங்கேயே இருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை நீராவியில் அவித்துக் குப்பைக்கு அனுப்புவோம். இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவள் நான்தான். என் பெயர் அங்கே ஒரு தடவைகூட ஏறியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

ஆய்வகத்தில் நாங்கள் இரண்டே பேர். எதிர் மேசைக்காரிக்குக் கண்ணாடி கனம், அதனால் நான் அவளுக்கு வைத்த பெயர் சோடாபுட்டி. என் வாய் காரம், அதனால் அவள் எனக்கு வைத்த பெயர் மிளகாய். பதினோரு வருஷமாக மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிகிற அந்த ஜன்னலுக்கு அடியில், ஊரார் சளியையும் மலத்தையும் பார்த்துக்கொண்டு பிழைப்பை ஓட்டுகிறோம். எங்களுக்குள் இன்னொரு விதியும் உண்டு. சொந்தக்காரர்களின் சளியோ மலமோ சோதனைக்கு வந்தால் அதைத் தொடக் கூடாது, எதிர் மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். பாசம் இருக்கிற கண்ணுக்கு இருப்பது தெரியாது, இல்லாதது தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை நான் தள்ளிவிட்டது மாமாவின் சளி. மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். செருப்புக்கடை வைத்திருக்கிறார். மனிதர்களை அவர் முகத்தை வைத்து நினைவில் வைத்துக்கொள்வதில்லை, காலை வைத்துத்தான். "ஏழாம் நம்பர், இடது கால் கொஞ்சம் அகலம்" என்றால் அது என் தம்பி. அவர் கால் வெறுமனே தரையில் பட்டு நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்குள் ஒரு செருப்பு, குளியலறைக்கு ஒரு செருப்பு, கட்டிலிலிருந்து இறங்க ஒரு செருப்பு. "பொறக்கும்போதே ஷூ போட்டுக்கிட்டுத்தான் வந்திருப்பார்" என்று அக்கா கேலி செய்வாள்.

எட்டு மாதமாக அவருக்கு இளைப்பு. ஆஸ்துமா என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். முதலில் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அளவைக் கூட்டக் கூட்ட மூச்சு இன்னும் மோசமானது. நான்தான் சண்டை போட்டு இங்கே நான்காவது மாடியில் சேர்த்தேன். மூக்கில் குழாயோடு அவர் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தால், எனக்கு வேலையில் கை ஓடாது.

செவ்வாய்க்கிழமை காலை, கிருமி வளர வைக்கிற கதகதப்புப் பெட்டியைத் திறந்து மாமாவின் பிளேட்டைப் பார்த்தேன். தொடத்தான் கூடாது, பார்க்கலாம். சளியைக் கம்பி முனையில் எடுத்துப் பிளேட்டில் நாலு இழுப்பு இழுப்போம், அந்தக் கோடுகளின் மேல் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைக்கும். நாலு கோடும் இருந்தன. அதோடு சம்பந்தமே இல்லாமல், சின்னப் புள்ளிகளால் ஆன இன்னொரு கோடு வளைந்தும் நெளிந்தும் விளிம்பை நோக்கிப் போயிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்னடி இது, கோடு இழுத்தியா, கிறுக்கினியா?"

சோடாபுட்டி எழுந்து வந்து பார்த்தாள். "நான் இழுத்தது நாலுதான். மத்தது எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா? தானா எழுந்து போட்டுக்கிச்சா?"

"மூடி மூடினபடி இருந்துச்சு. நான் ஒழுங்காத்தான் செஞ்சேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். உனக்கு வேற பிளேட்டே கிடைக்கலியா கெடுக்கறதுக்கு?"

அவள் பேனாவை எடுத்து மூடியின் மேல் குண்டு குண்டான எழுத்தில் 'சோடாபுட்டி' என்று எழுதி, நாடா ஒட்டி, விளிம்பில் கொண்டுபோய் வைத்தாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அவள்மேல் கோபமே இல்லை, மாமாவை நினைத்துப் பயம். யார் தலையிலாவது கொட்ட வேண்டியிருந்தது, கிடைத்தது அவள் தலை.

புதன்கிழமை காலை பையை மாட்டும்போது கண் தற்செயலாக விளிம்பின் மேல் போனது. முந்தின நாள் அந்தக் கிறுக்கல் 'சோ'வுக்குக் கீழே முடிந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அது 'டா'வைத் தாண்டி 'பு'வுக்கு வந்திருந்தது.

கிருமி வளரும், பரவும், நாறும். பயணம் போகாது. விதியை மறந்து, பிளேட்டை நாடா பிரிக்காமல் அப்படியே எடுத்துக் கவிழ்த்து மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். கோட்டைப் பிடித்துக்கொண்டே அதன் முனைவரை போனேன். அங்கே முடியைவிட மெல்லியதாக, நிறமே இல்லாமல், ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. அது போகிற வழியெல்லாம் கிருமிகளை உடம்பில் ஒட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. சேற்றுக்காலோடு வந்தவன் வீடு முழுக்கத் தடம் வைப்பதுபோல, கிருமிகள் அந்தத் தடத்தில் முளைத்திருக்கின்றன.

நான் நகர்ந்து சோடாபுட்டிக்கு இடம் விட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"மிளகாய், இது நடக்குது."

"ஆமா."

"அப்ப நான் கோடு ஒழுங்காத்தான் இழுத்திருக்கேன்."

"ஆமாண்டி."

"அதை எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இரண்டு பேருக்கும் அது என்ன என்று சந்தேகம் தட்டிவிட்டது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்று ஒரு குடல்புழு. பெயர்தான் வாயில் நுழையாது, ஆள் எங்கேயும் நுழைந்துவிடுவான். கழிப்பறை இல்லாத இடத்தில், ஈரமண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போவான். ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போய், இருமலில் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலில் குடியேறுவான். மற்ற பல புழுக்களுக்குக் குட்டி வளர வெளி மண் வேண்டும். இவனுக்கு அதுவும் வேண்டாம். குடலுக்குள்ளேயே குட்டி போட்டு, அந்தக் குட்டி அதே உடம்பைத் திரும்பத் துளைத்து, முப்பது நாற்பது வருஷம்கூட வாடகை கொடுக்காமல் இருப்பான். பாதி உலகத்தில் இருக்கிறான், கோடிக்கணக்கான பேருக்குள். பெரும்பாலும் சாதுவாகத்தான் இருப்பான். ஸ்டீராய்டு கொடுத்தால் மட்டும் உடம்பின் காவல்காரனைத் தூங்கவைத்த மாதிரி. ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகி, நுரையீரல் நிறைந்துவிடும்.

மாமாவுக்கு அன்று மாலை ஆறு மணிக்குப் பெரிய ஸ்டீராய்டு ஊசி போடுவதாக இருந்தது. 

நெஞ்சு டாக்டரை மாடிப்படியில் பிடித்தேன். வயதில் என்னைவிடச் சின்னவர், நடந்துகொண்டேதான் பேசுவார். நான் சொன்னதைக் கேட்டதும் நின்றார்.

"தண்ணியில, மண்ணுல இருக்கற சாதாப் புழுவும் பிளேட்ல விழும். பாத்திரம் கழுவின தண்ணியில வந்திருக்கலாம். இல்லாத புழுவுக்காக நான் ஊசியை நிறுத்தி, அவருக்கு மூச்சு நின்னுட்டா?"

"இருக்கற புழுவுக்கு ஊசி போட்டுட்டா?"

"அதான் கஷ்டம்" என்றார். கோபப்படவில்லை. "சேர்க்கும்போதே நான் கேட்டேன். வெறுங்காலோட மண்ணுல வேலை பார்த்திருக்கீங்களா, கழிப்பறை இல்லாத இடத்துல தங்கியிருக்கீங்களான்னு. இல்லவே இல்லைன்னார். செருப்புக்கடைக்காரர், பொறந்ததுலேருந்து டவுன். எங்கிருந்து வரும்? இன்னொரு தடவை சளியிலயோ மலத்துலயோ புழுவைக் காட்டுங்க, இல்லைன்னா எங்க ஒட்டிச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க. ஆறு மணி வரைக்கும் பொறுக்கறேன்."

மலம் கேட்டால், இரண்டு நாளாகப் போகவில்லை என்றார்கள். புதிதாகக் கொஞ்சம் சளிதான் கிடைத்தது. அதை சோடாபுட்டி எடுத்துக்கொண்டு ஸ்லைடு ஸ்லைடாகப் பார்க்க உட்கார்ந்தாள். நான் நான்காவது மாடிக்கு ஓடினேன்.

மாமா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். காலில் சாக்ஸ், கட்டிலுக்குக் கீழே செருப்பு. அக்கா பக்கத்து நாற்காலியில் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொல்லிவிட்டு நேராகக் கேட்டேன்.

"மாமா, எப்பவாவது வெறுங்காலோட சேத்துல இறங்கியிருக்கீங்களா?"

"நானா?" சிரிக்கப் பார்த்து இருமினார். "எதிரிகூட... என் கால் விரலைப் பார்த்ததில்ல."

"சின்ன வயசுல?"

"இல்ல."

"வெளிநாட்டுல இருந்தப்போ?"

"ஆபீஸ்மா அது."

கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் அவர் வெளிநாட்டில் ஒரு வரைபட அலுவலகத்தில் இருந்தவர். எங்கள் வீட்டில் அது பெரிய பெருமை. அப்பா அதைச் சொல்லித்தான் ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்தார். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு இல்லை இல்லை என்றே சொன்னார். மணி நாலரை. சோடாபுட்டியிடமிருந்து செய்தி வந்தது, பதினொரு ஸ்லைடு பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை என்று.

அக்கா மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அந்தப் புழு கோடு போட்டுச்சுன்னியே, அது நடந்துச்சா?"

"ஆமாக்கா. பேர் எழுதியிருந்ததால தெரிஞ்சுது. ஒரு ராத்திரியில ரெண்டு எழுத்து தாண்டிடுச்சு."

"இவர் இடுப்புல வருமே, அது மாதிரியா?"

நான் அவளைப் பார்த்தேன்.

"உன்கிட்ட சொன்னேனேடி, எத்தனையோ வருஷம் முன்னாடி. இடுப்புல செவப்பா ஒரு கோடு தடிக்கும், அரிக்கும். நான் பேனாவால முனையில புள்ளி வைப்பேன். அடுப்பு வேலையை முடிச்சுட்டு வந்து பார்த்தா நாலு விரக்கடை தாண்டிப் போயிருக்கும். டாக்டர்கிட்ட போறதுக்குள்ள மறைஞ்சுடும். நடக்குதுடின்னு சொன்னேன். நீதான், 'அது அலர்ஜிதான்க்கா, பவுடர் போடு'ன்னே."

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. புழு தோலுக்கு அடியில் ஓடுகிற தடம் அது. புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதியவள் நான். அக்கா படிக்காமலே கண்டுபிடித்து, பேனாவால் அளந்து, என் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அடுப்படியில் இருக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"முதல்ல எப்ப வந்துச்சுக்கா?"

"கல்யாணமான முதல் மாசமே."

இருபத்தெட்டு வருஷம். அக்காவும் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். மெதுவாக மாமா பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்கிற ஆசைதான் இருந்தது.

"அப்ப எனக்கு முன்னாடியே இருந்திருக்கு. ஏங்க, அந்த ஆபீஸ்ல தரை என்ன, மண்ணா?"

மாமா கண்ணை மூடினார். 

"ஆபீஸ் இருந்துச்சு" என்றார். "மலைக்கு மேல. நான் மலைக்கு உள்ள இருந்தேன்."

"உள்ளன்னா?"

"ரயிலுக்குச் சுரங்கம் வெட்டினோம். முழங்கால் வரைக்கும் சேறு. பூட்ஸ் குடுத்தாங்க. சேறு உள்ள போய்ப் புண்ணாயிடும். கழட்டிப் போட்டுட்டுத்தான் எல்லாரும் வெட்டுவோம்." மூச்சு வாங்கினார். "வெளிய போக நேரம் விட மாட்டாங்க. கழிப்பறைன்னு... உள்ளயே ஒரு மூலை. அந்தத் தண்ணி எங்க காலுக்குத்தான் வரும். நாலு வருஷம்."

மாமா அக்கா பக்கம் திரும்பினார்.

"உன் அப்பா என்ன வேலைன்னு கேட்டார். தோண்டறேன்னு சொன்னா பொண்ணு குடுப்பாரா? வரைபடம்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் அதைத் திருப்பி எடுக்க முடியல. ஊருக்கு வந்தப்புறம் தரையில கால் வைக்கவே பிடிக்கல. அதான் இந்தக் கடை."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். மாமாவின் புளுகு இருபத்தெட்டு வருஷம் தாங்கியிருக்கிறது. சாகக் கிடந்தபோதும் டாக்டரிடம் அதையே காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். அக்கா எழுந்து, மடித்த துண்டை மறுபடி உதறி மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவள் பின்னால் போவதா டாக்டரிடம் போவதா என்று ஒரு நிமிஷம் தவித்தேன். டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. இடுப்புக் கோட்டை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு மருந்துச் சீட்டில் ஊசியைக் கோடு போட்டு நீக்கிவிட்டு, புழு மாத்திரையை எழுதினார். ஏற்கெனவே போகிற ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாக இறக்க வேண்டும் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சோடாபுட்டி கண்ணாடி நழுவ ஓடிவந்தாள்.

"பதினேழாவது ஸ்லைடு. ஒண்ணு இல்ல, மூணு."

அப்போது மணி ஆறாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

மறுநாள் காலை நான் ஒரு காலி பிளேட்டை எடுத்து மூடியில் 'மிளகாய்' என்று எழுதி அவமானப் பலகையில் வைத்தேன். சோடாபுட்டி பார்த்துவிட்டுத் திருப்திப்படவில்லை. "ரெண்டு தடவைன்னு போடு. எனக்கு ஒண்ணு, உங்கக்காவுக்கு ஒண்ணு" என்றாள். போட்டேன். வெள்ளிக்கிழமை அதை எடுக்கவும் விடவில்லை. அந்த வாரம் மட்டும் விதியைத் தளர்த்தி அடுத்த வெள்ளிவரை வைத்திருந்தாள்.

மாமாவுக்கு இளைப்பு மெல்லக் குறைந்தது. மூன்றாம் நாள் படுத்துத் தூங்கினார். ஆனால் அக்கா அவரோடு பேசவில்லை. தினமும் வருவாள், சாப்பாடு கொடுப்பாள், துணி மாற்றுவாள், நாற்காலியில் உட்காருவாள், வாய் மட்டும் திறக்காது. மாமா அவள் முகத்தைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதுமாகக் கிடந்தார். பிழைத்த மனிதருக்கு முகத்தில் ஒரு களை வேண்டாமா, இவருக்கு அது இல்லை. எனக்கு அக்காமேல் கோபம் வந்தது, உடனே அவள் பக்கம்தான் நியாயம் என்றும் தோன்றியது.

நாலாம் நாள் நான் நுழையும்போது அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நீளம்?"

"எது?"

"சுரங்கம்."

மாமா கொஞ்சம் நிமிர்ந்தார். "மூணு கிலோமீட்டர்."

"ரயில்ல போனா?"

"ரெண்டு, மூணு நிமிஷம்."

"நாலு வருஷம் தோண்டினது மூணு நிமிஷமா?" அக்கா அதை யோசித்தாள். "உள்ள வெளிச்சம் இருக்குமா? எத்தனை பேர் இருந்தீங்க?"

அன்றைக்குப் பேச்சு திறந்துகொண்டது. கடையில் பத்தாம் நம்பர் பூட்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு போட்டோ இருக்கிறது என்று மாமா ஒப்புக்கொண்டார். பத்தாம் நம்பர் யாரும் கேட்பதில்லை, அதனால் அங்கே வைத்தாராம். நான் போய் எடுத்துவந்தேன். சுரங்க வாசலில் இருபத்திரண்டு பேர், தலையில் தொப்பி, காலில் ஒன்றும் இல்லை. எங்கள் மாமா ஓரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அக்கா ஒவ்வொரு முகமாகத் தொட்டு இது யார், இது யார் என்று கேட்டாள். இவன் தீவுக்காரன், திரும்பிப் போய் மீன் பிடிக்கிறான். இவன் பனி பெய்கிற ஊருக்குப் போய் லாரி ஓட்டுகிறான். இவன் பாலைவனத்தில் கட்டடம் கட்டப் போனான். இந்த ஐந்து பேர் நம் மொழிக்காரர்கள். ஒரே சேற்றில் நின்ற இருபத்திரண்டு ஜோடிக் கால்கள் எத்தனை நாட்டுக்குப் பிரிந்து போயிருக்கின்றன என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பனி பெய்கிற ஊரில் அவனுக்கு மூச்சு இளைத்தால் எந்த டாக்டர் சேற்றைப் பற்றிக் கேட்கப்போகிறார்?

"இவங்களுக்கும் இருக்குமா?" அக்கா என்னைக் கேட்டாள்.

"எல்லாருக்கும்னு சொல்ல முடியாதுக்கா. நிறைய பேருக்கு இருக்கலாம்."

"ஸ்டீராய்டு குடுத்தா?"

"மாமாவுக்கு ஆன மாதிரிதான்."

"அப்ப சும்மா உக்காந்திருக்க முடியாது" என்றாள்.

மாமாவிடம் மூன்று பேரின் எண்கள் இருந்தன. அவர்களைப் பிடித்தால் மற்றவர்கள் கிடைப்பார்கள். அவருக்குப் பேச இன்னும் தெம்பு வரவில்லை, அதனால் அக்காவே போன் போட்டாள். முதல் எண் மாறிவிட்டிருந்தது. இரண்டாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். வீட்டுக்காரர் கடைக்குப் போயிருக்கிறார், நான் அவர் மனைவி, என்ன விஷயம் என்றாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க வீட்டுக்காரரும் எங்க வீட்டுக்காரரும் வெளிநாட்டுல ஒண்ணா வேலை பார்த்தாங்க. எங்க வீட்டுக்காரருக்கு வயித்துல ஒரு புழு இருந்திருக்கு, இத்தனை வருஷமா. அங்க ஒட்டினது. அவருக்கும் ஒரு தடவை பார்த்துடுங்க. மாத்திரை போட்டா போயிடும். இளைப்புன்னு யாராவது ஸ்டீராய்டு குடுத்தா மட்டும் முதல்லயே இதைச் சொல்லிடணும்."

 அந்த அம்மாள் சற்று முறைப்பாகச் சொன்னாள்.

"ஆளை மாத்திப் பேசறீங்கன்னு நினைக்கறேன். எங்க வீட்டுக்காரர் அங்க ஆபீஸ்லதானே இருந்தார். வரைபட ஆபீஸ். மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் உண்டாம். புழு எப்படி வரும்?"

மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அக்கா போனைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் கட்டிலோரம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆமாம்மா, அதே ஆபீஸ்தான்" என்றாள். "அங்க தரை கொஞ்சம் ஈரமாம்."